பேர்மிற் காணியை வைத்துச் சட்டமும் சமூகமும் ஆய்வு செய்வது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

ஆய்வுக்கட்டுரைக் காலம் வந்தால் வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்து மாணவர்கள் சிலர் கேட்பார்கள்: "அண்ணா, சட்டமும் சமூகமும் ஒன்றையொன்று மாற்றுதெண்டு எழுதச் சொல்லுகினம். எதை வைச்சு எழுதிறது?" கோட்பாடு விரிவுரைக் குறிப்பிலேயே இருக்கும், அதை விடுகிறேன். நான் பேர்மிற் காணியை, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை, வைத்துச் செய்தேன். அந்த வழியை அப்படியே சொல்கிறேன்.

படி 1: ஒரு கடதாசியைப் பிடியுங்கள்

"வன்னியில் பெண்களின் காணியுரிமை" என்று தலைப்பு வைத்தால் கரை சேரமாட்டீர்கள். பேர்மிற்றில் பின்னுரித்து, அதாவது காணிக்காரருக்குப் பிறகு காணி யாருக்கு என்று, எழுதும் பகுதி ஒன்றே போதும். யாருடைய பெயர், எப்போது எழுதியது, பிறகு மாற்றினார்களா?

படி 2: சட்டத்தை ஆண்டுவாரியாக எழுதுங்கள்

1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான் அடி. பின்னுரித்து எழுதாமல் காணிக்காரர் இறந்தால், துணைக்கு அடுத்தபடியாக மூன்றாம் அட்டவணை வரும். 2022 வரை அதில் மகன்கள் முதலில், மகள்கள் பிறகு என்று இருந்தது. அவர்களுக்குள்ளும் மூத்தவருக்கே முன்னுரிமை. 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஆணுக்கு இருந்த அந்த முன்னுரிமையை எடுத்துவிட்டது.

இதோடு இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வடக்குத் தமிழரின் உறுதிக்காணிக்கு (உறுதி எழுதிய தனியார் காணி) சீதனம், உரிமை பற்றிய வழக்காற்றுச் சட்டமான தேசவழமை உண்டு. பேர்மிற் காணி அரச காணி; அதன் பின்னுரித்து இந்தக் கட்டளைச் சட்டத்தின்படிதான் போகும், தேசவழமை உள்ளே வராது. சட்டம் அப்படிச் சொல்கிறது. சனம் என்ன செய்கிறது என்பதுதான் உங்கள் ஆய்வு.

படி 3: வீட்டில் கேட்பது

எனக்கு அதிக நேரம் எடுத்தது இந்தப் படி. "பின்னுரித்துச் சட்டம் தெரியுமா?" என்று கேட்டால், தெரியும் அல்லது தெரியாது என்பதோடு கதை முடிந்துவிடும். தெரியாது என்று சொல்லவைத்துவிட்டு "மக்களுக்குச் சட்ட அறிவு குறைவு" என்று முடிவுரை எழுதிய கட்டுரைகள் ஏற்கெனவே ஏராளம், தயவுசெய்து இன்னொன்று வேண்டாம். நடந்ததைக் கேளுங்கள்: "அம்மா, இந்தக் காணி முதல் ஆற்ற பேரில இருந்தது? பிறகு என்னெண்டு கைமாறினது?"

இப்படி ஒரு பதில் வரும்: "பேர்மிற் மூத்தவன்ர பேரில. வீடும் வளவும் கடைசி மகளுக்குச் சீதனமாக் குடுத்தாச்சு. வயலை ரெண்டு பேரும் மாறி மாறிச் செய்யினம்."

இந்த மூன்று வசனத்தில் உங்கள் ஆய்வின் பாதி இருக்கிறது. சட்டம் கதவடைத்த சீதன வழக்கம் பேர்மிற் காணிக்குள் வாய்ப்பேச்சாக நடக்கிறது. ஆனால் கடதாசியில் மூத்த மகன் பெயரை எழுதும்போது, சட்டத்தின் பழைய வரிசையே குடும்பத்தின் வழக்கமாகவும் ஆகிவிட்டது. இங்கே நிறுத்தாமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "இந்தக் கடதாசி எப்ப தேவைப்பட்டது?" போருக்குப் பிறகு வீட்டுத்திட்டம் வந்தபோது, வங்கிக் கடன் கேட்டபோது, ஒருவர் காணாமற்போய்ப் பெயர் மாற்ற வேண்டி வந்தபோது என்று பதில் வரும். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு புது வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள். அவ்வளவு காசு வரும்போது, வளவில் இருக்கும் மகளும் பேர்மிற்றில் இருக்கும் மகனும் முதன்முறையாக எதிரெதிரே நிற்பார்கள். சட்டம் வீட்டுக்குள் வரும் அந்த நாளைத்தான் நீங்கள் தேடிப் போகிறீர்கள்.

ஒலிப்பதிவு வேண்டாம் என்பது என் கட்சி. விசாரணைகளைக் கண்ட சனம். போனை மேசையில் வைத்தாலே குரல் மாறும். ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பேனை போதும். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே விரிவாக எழுதிவிடுங்கள். பெயர், பேர்மிற் இலக்கம் எதையும் கொப்பியில் எழுதாதீர்கள். "வீடு 4" என்று குறியீடு போடுங்கள்.

படி 4: கந்தோர்

பிரதேச செயலகக் காணிக்கிளையில் உத்தியோகத்தர் எதை ஏற்றுக்கொள்கிறார், எதைத் திருப்பி அனுப்புகிறார் என்பதும் சட்டம்தான். சனம் அன்றாடம் காணும் சட்டம் அது. ஆளுக்காள் கேள்வி கேட்டு அலையாமல், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். எத்தனை பேர்மிற்றுகளில் பெண்ணின் பெயர் பின்னுரித்தாக இருக்கிறது, ஆண்டுவாரியாக எவ்வளவு என்று எண்ணிக்கை மட்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

படி 5: அட்டவணை

விலையுள்ள மென்பொருள் தேவையில்லை, எக்செல் போதும். நான்கு நிரல்: ஆண்டு, சட்டம் சொன்னது, வீடு செய்தது, கந்தோர் செய்தது. ஆண்டு நிரலை வெறுமையாக விடாதீர்கள். 2022க்குப் பிறகு மகள் பெயர் எழுதியிருந்தால் "சட்டம் மாறியது, சனம் மாறியது" என்று எழுதக் கை துடிக்கும். அதற்கு முன்பும் மகளைப் பின்னுரித்தாக எழுதத் தடை இருக்கவில்லை. மாறியது, எழுதாமல் இறந்தால் என்ன நடக்கும் என்பது. அப்படியென்றால் மகள் பெயர் ஏன் இப்போது வந்தது? மகன் போரில் இறந்தாரா, வெளிநாட்டிலா, அல்லது தாயைப் பார்ப்பது மகளா? காரணத்தை வீட்டில் போய்த்தான் கேட்க வேண்டும்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் ஒரு தங்கை கேட்டிருந்தார், "எங்கட ஊரில பேர்மிற்றே இல்லாத ஆக்கள்தான் கூட, அவையள என்ன செய்யிறது?" நல்ல கேள்வி. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல இப்படித்தான். அவர்களிடம் பேர்மிற்றுக்குப் பதிலாக என்ன கடதாசி இருக்கிறது என்று பாருங்கள்: ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம், குடும்ப அட்டை, மின்சாரப் பட்டியல். எந்தக் கடதாசியைக் காட்டியபோது எந்தக் கந்தோர் ஏற்றுக்கொண்டது என்று ஐந்தாவது நிரல் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.