மஞ்சள் கோடு இடப்பக்கம் இருக்கிறதா?

தென்னாப்பிரிக்க நகரமான டர்பனில் இரவு நேரத்தில் என்2, என்3 நெடுஞ்சாலைகளில் ஏறும்போது, ராம்ப்பில் (நெடுஞ்சாலையோடு சேர்க்கும் இணைப்பு வழியில்) நுழைந்ததுமே ஓரக்கோட்டைப் பாருங்கள். மஞ்சள் கோடு உங்கள் இடப்பக்கம் இருந்தால் சரி. வலப்பக்கம் இருந்தால் வண்டிகள் இறங்கிவரும் வழியில் ஏறுகிறீர்கள். உடனே ஓரமாக நிறுத்தி, அபாய விளக்கைப் போடுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் போகும் திசைக்கு இடது ஓரத்தில் மஞ்சள், ஒருவழிப் பாதையின் வலது ஓரத்தில் வெள்ளை என்பதுதான் விதி. சில சந்திப்புகளில் ஏறும் வழியும் இறங்கும் வழியும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே சாலையில் வந்து சேரும். தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது, அதுவும் இருட்டில், ஊர் பழகாதவர்களுக்கு.

இருவழிச் சாலையில் இரண்டு ஓரமும் மஞ்சளாக இருக்கும், அங்கே இது உதவாது. கோடு அழிந்துபோன இடத்திலும், சாலை வேலை நடக்கும் இடத்திலும் பலகைகளையும் அம்புக்குறிகளையும்தான் நம்ப வேண்டும்.