சந்தம் பிடிக்கப் பழகுவது எப்படி?

ஒரு பாட்டை வாசிக்கும்போது பொருள் முழுசாகப் புரிவதற்கு முன்னாலேயே அதன் ஓசை நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறதே, அதற்குக் காரணம் சந்தம். எதுகை, மோனையோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எதுகை, மோனையில் எந்த எழுத்து திரும்ப வருகிறது என்று பார்ப்போம். சந்தத்தில் குறில், நெடில், ஒற்று எந்த வரிசையில் வருகின்றன என்று பார்க்க வேண்டும்.

சரி, பயிற்சிக்கு நான் கட்டிய இரண்டு வரிகள்:

அந்தி மாலை வந்த வேளை
குன்று மீது நின்ற காளை

முதலில் வாய்விட்டு வாசியுங்கள், மனதுக்குள் வாசித்தால் பிடிபடாது.

அடுத்தது தத்தகாரம். சொற்களை எடுத்துவிட்டு ஓசையை மட்டும் 'தத்த', 'தந்த', 'தான' என்று எழுதுவது. குறிலை அடுத்து வல்லின ஒற்று வந்தால் தத்த (பட்டு), மெல்லின ஒற்றும் அதன்பின் வல்லினமும் வந்தால் தந்த (பந்து), மெல்லினமே இரட்டித்தால் தன்ன (கண்ணு), ஒற்றில்லாமல் இரண்டு குறில் வந்தால் தன (மரு), நெடிலை அடுத்து ஒற்றில்லாமல் குறில் வந்தால் தான (பாடு). சொல்லின் இடையிலும் கடைசியிலும் வரும் ஐகாரத்தைக் குறிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது மேலே உள்ள இரண்டு வரிக்கும் ஒரே விடை வரும்: தந்த தான தந்த தான.

அப்புறம்தான் சுவையான பகுதி. 'குன்று' என்பதை மாற்றிப் பாருங்கள். 'மலை மீது' என்றால் தன தான, ஒரு மாத்திரை (ஒலிக்கும் நேர அளவு) குறைந்து தாளம் இடறும். 'பாறை மீது' என்றால் தான தான, தாளம் சரியாகவே விழும், ஏனென்றால் சந்தக் கணக்கில் நெடிலுக்கும் ஒற்றோடு வரும் குறிலுக்கும் இரண்டு மாத்திரைதான், ஆனால் 'ன்று' கொடுத்த அதிர்வு போய்விடும். 'திட்டு மீது' என்றாலும் தாளம் நிற்கும், ஓசை மட்டும் கடினமாகிவிடும். தாளம் சரியாக இருந்தால் சந்தமும் சரி என்று நினைப்பது இங்கேதான் உடைகிறது, புதிதாக எழுதுகிறவர்கள் இந்த மூன்று மாற்றத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

காது பழகியதும் 15ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதரின் திருப்புகழுக்குப் போங்கள். 'கைத்தல நிறைகனி' என்பது தத்தன தனதன, முதலில் வரும் 'கை'யும் இங்கே குறிலாகவே கணக்காகிறது. பல பதிப்புகளில் பாட்டின் தலைப்பிலேயே சந்தக் குழிப்பை, அதாவது அந்தப் பாட்டின் தத்தகாரத்தை, அச்சிட்டிருப்பார்கள், அதை மூடி வைத்துவிட்டு நீங்களே எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் சில இடையின ஒற்றுகள் கணக்கில் வராமல் போகும், ஆரம்பத்தில் அதற்காகத் திணற வேண்டாம்.

சந்தம் என்ற சொல்லைப் பேச்சில் பயன்படுத்துவதும் எளிதுதான். ஒரு வரி ஓசையால் இனித்தால் 'சந்தம் அழகாக விழுந்திருக்கிறது' என்பார்கள், நடுவில் இடறினால் 'சந்தம் தட்டுகிறது'. மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்களிடம் 'சந்தம் சொல்லுங்கள்' என்றால் தன்னானே போட்டுக் காட்டுவார்கள்.