பழைய போனை விளம்பரத் தடுப்பானாக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

இழுப்பறையில் சும்மா கிடக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. வீட்டு வைஃபையில் உள்ள கருவிகளின் டிஎன்எஸ் கேள்விகள் (ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி அதன் ஐபி முகவரி எண்ணைக் கேட்பவை) எல்லாம் அதன் வழியே போகும்படி செய்துவிட்டால், விளம்பரத் தளங்களின் பெயரைக் கேட்கும்போது மட்டும் அது எங்கும் போய்ச் சேராத 0.0.0.0 என்ற முகவரியைப் பதிலாகச் சொல்லிவிடும். அந்த விளம்பரம் இறங்கவே இறங்காது. தடுப்பான் ஆப் போட வழியில்லாத ஸ்மார்ட் டிவிக்கும் இது பலன் தரும். ஆனால் அன்று முதல் அந்தப் போன் தூங்கிவிட்டால் வீட்டில் யாருக்கும் இணையம் வராது. பலரும் சறுக்குவது இதை மறப்பதால்தான்.

முதலில் பேட்டரி. மற்றத் தவறுகள் இணையத்தைத்தான் நிறுத்தும், இது தீப்பிடிக்கவே வைக்கலாம். லித்தியம் பேட்டரி இரவும் பகலும் 100 சதவீதத்திலேயே, அதுவும் சூட்டில் இருந்தால், சீக்கிரம் கெட்டு உப்பத் தொடங்கும். வேலையில் இறக்குவதற்கு முன் போனை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, திரையும் சட்டமும் சேரும் விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள். ஓரிடத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி விட்டிருந்தாலோ, முதுகு லேசாகப் புடைத்திருந்தாலோ அந்தப் போன் வேண்டவே வேண்டாம். அமுக்கிப் பார்க்காமல், குத்தாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். நல்ல போன் என்றாலும் சார்ஜ் வரம்பு வைக்கும் வசதி இருந்தால் 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு டைமர் பிளக் போதும். உறையைக் கழற்றிவிட்டு, சூடாகும் ரூட்டரின் தலையில் ஏற்றாமல் தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை அந்த விளிம்பை மறுபடி பார்ப்பது நல்லது.

அடுத்தது 53-ஆம் போர்ட். பலருடைய ஞாயிற்றுக்கிழமையை இது விழுங்கியிருக்கிறது. போர்ட் என்பது ஒரு கருவியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண். டிஎன்எஸ் பேசுவது 53-இல். ஆண்ட்ராய்டில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க ரூட் அனுமதி, அதாவது போனின் முழுக் கட்டுப்பாடு, தேவை. டெர்மக்ஸில் (ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் ஆப்) ஒரு டிஎன்எஸ் சர்வரை ஏற்றி 53 என்று கொடுத்தால் ‘பெர்மிஷன் டினைடு’ என்று ஒரே வரியில் நின்றுவிடும். சரி, 5335 என்று மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். சர்வர் ஓடும், ஆனால் கேட்க ஆள் வராது. ரூட்டர் மற்றக் கருவிகளுக்கு டிஎன்எஸ் சர்வரின் ஐபி முகவரியை மட்டும்தான் சொல்லும், போர்ட் எண்ணைச் சொல்ல அதற்கு வழியில்லை. ஆகவே போனை ரூட் செய்யப் போகிறீர்களா, அது போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் (ஆண்ட்ராய்டுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ்) ஏற்கும் மாடலா, இல்லை ரூட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் இருந்து அங்கிருந்தே வேறு போர்ட்டுக்குத் திருப்பிவிட முடியுமா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மூன்றும் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

ஆண்ட்ராய்டிலேயே ஓட்டுகிறவர்களுக்குத் தூக்கமும் ஒரு தொல்லை. திரை அணைந்து சும்மா கிடக்கும் போனில் பின்னணி வேலைகளை முடக்கும் ‘டோஸ்’ ஏற்பாடு ஆண்ட்ராய்டு 6-இலிருந்தே உண்டு. டெர்மக்ஸுக்கு பேட்டரி ஆப்டிமைசேஷனை அணைத்துவிட்டு போனைத் தூங்கவிடாத வேக்-லாக்கையும் போட்டுவையுங்கள்.

முகவரி விஷயம் சின்னது, ஆனால் கவிழ்த்துவிடும். போனுக்கு ரூட்டரில் நிலையான ஐபி ஒதுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து போன் தன் உண்மையான மேக் முகவரியை (ரூட்டர் அதை அடையாளம் காணும் எண்) மறைத்து வேறொன்றைக் காட்டும். வைஃபை அமைப்பில் அதை மாற்றி, கருவியின் சொந்த மேக்கைக் காட்டச் செய்த பிறகே ஒதுக்குங்கள்.

இனி, நான் அதிகம் பார்த்த தவறு. ரூட்டரில் முதல் டிஎன்எஸ் கட்டத்தில் போனின் முகவரியைப் போட்டுவிட்டு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டாவதில் கூகுளின் 8.8.8.8 போடுவார்கள். இரண்டாவது என்பது முதலாவது செத்தால் மட்டும் வருகிற மாற்று ஆள் இல்லை. கருவிகள் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும். விளம்பரம் ஒருநாள் வரும், ஒருநாள் வராது, காரணம் புரியாமல் தடுப்புப் பட்டியல்களைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். விட முடியாது என்றால் அதே போனின் முகவரியையே மறுபடி போடுங்கள்.

இதே கசிவு வேறு ஓட்டைகளிலும் உண்டு. ஐபி முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6 வழியாக இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரியை ரூட்டர் தனியாகக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய போன்களில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ குறிப்பிட்ட சர்வருக்கு அமைத்திருக்கலாம். பிரவுசர் தானே மறைகுறியாக்கிய டிஎன்எஸ் பயன்படுத்தலாம். சந்தேகம் வந்தால் ஒரு கணினியில் டெர்மினலைத் திறந்து, என்எஸ்லுக்அப் கட்டளையில் டபுள்கிளிக் டாட் நெட் என்று கேளுங்கள். மேலே போனின் ஐபியும் கீழே 0.0.0.0-வும் வந்தால் அந்தக் கணினி சரியான வழியில் போகிறது. மேலே வேறு முகவரி இருந்தால் ஓட்டை அங்கேதான்.

வெளியூரிலிருந்தும் பயன்படும் என்று 53-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவது பெரிய ஆபத்து. பிறரைத் தாக்கும் டிஎன்எஸ் வெள்ளத்துக்கு உங்கள் போன் கருவியாகிவிடும். வெளியே வேண்டுமென்றால் வீட்டு வலைக்குள் பாதுகாப்பாக நுழையும் விபிஎன் வழியாக வாருங்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போன் என்பதால் ஃபேக்டரி ரீசெட் செய்து, வங்கி ஆப்பும் மெயில் கணக்கும் இல்லாமல் வைப்பதும் அவசியம்.

யூடியூப் விளம்பரம் இதனால் நிற்காது. வீடியோ வரும் அதே இடத்திலிருந்து விளம்பரமும் வருவதால், பெயரைத் தடுத்தால் வீடியோவும் போய்விடும். அதற்காகப் பத்துப் பட்டியல்களைச் சேர்த்தால் கடைசியில் பணம் கட்டும் பக்கம்தான் திறக்காமல் போகும். நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு பட்டியல் போதும்.

ஒருமுறை நான் வெளியூரில் இருந்தபோது போன் அணைந்து, வீட்டில் இணையம் நின்றுவிட்டது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்போது ரூட்டரின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: ‘நெட் வரவில்லை என்றால் முதலில் போனை ஆன் செய்யவும். அப்படியும் வராவிட்டால் ரூட்டரில் டிஎன்எஸ்ஸை ஆட்டோமேட்டிக் என்று மாற்றி, வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடவும்.’