மஞ்சள் புள்ளி இருந்தாலே பாம்பார்டியர் வண்டு ஆகிவிடாது

மழை ஓய்ந்த பிறகு வயல் வரப்பில் ஒரு கல்லைப் புரட்டினால் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு வண்டு விறுவிறுவென்று ஓடும். உடனே படம் எடுத்து, வால்பக்கத்திலிருந்து சூடான திரவத்தைப் பீய்ச்சும் 'பாம்பார்டியர்' வண்டு என்று பெயர் போட்டுவிடுகிறோம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன், பல தடவை தப்பாகப் போனது. நம் பக்கம் பார்க்கக் கிடைக்கும் பாம்பார்டியர் வண்டுகளான ஃபெரோப்சோபஸ் பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) எப்படி அடையாளம் காண்பது என்று பார்ப்போம்.

1. கையால் பிடிக்காதீர்கள். இதன் வயிற்றில் ஒரு பையில் ஹைட்ரோகுயினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இருக்கின்றன. பக்கத்து அறைக்குள் போய் நொதிகள் பட்டதும் அவை கொதித்து, ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் 'டப்' என்ற சத்தத்தோடு வால்பக்கத்திலிருந்து பீறிடும். விரல் சுடும், பழுப்புக் கறையும் படியும். கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகினால் போதும்.

2. அளவு. ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. இருக்கும். நாலு செ.மீ. நீளத்தில், கறுப்பு உடம்பில் ஆறு வெள்ளைப் புள்ளி என்றால் அது ஆந்தியா என்ற வேறொரு வண்டு. அதுவும் பீய்ச்சும், ஆனால் அமிலத்தை.

3. இதுதான் முக்கியம்: முதுகின் கடைசிப் பகுதி. ஃபெரோப்சோபஸின் முன்னிறக்கைகள் (முதுகை மூடும் கெட்டியான இறக்கைகள்) கத்தரியால் நேராக வெட்டியதுபோல் முடியும், வயிற்றின் நுனி வெளியே துருத்திக்கொண்டு இருக்கும். கிளேனியஸ் பேரினத்திலும் இரண்டு மஞ்சள் புள்ளி உள்ள வண்டுகள் உண்டு, ஏமாற்றுவது பெரும்பாலும் அவைதான். அவற்றின் இறக்கை வளைந்து வயிற்றை முழுசாக மூடிவிடும், லென்ஸில் பார்த்தால் மேலே மெல்லிய ரோமமும் தெரியும்.

4. அப்புறம் இறக்கையில் நீளவாக்கில் எழும்பிய வரம்புகளைப் பாருங்கள். ஃபெரோப்சோபஸில் அவை நன்றாகத் தெரியும்.

5. இனம். இந்தப் பேரினத்தில் பைமாகுலேட்டஸ் என்று ஓர் இனம் உண்டு; அந்தப் பெயருக்கு 'இரு புள்ளி' என்று அர்த்தம், அதை நம்பி எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிடக் கூடாது. ஒத்த நிறமுள்ள இனங்கள் பல இருக்கின்றன, ஒரே இனத்திலும் மஞ்சள் பட்டை கூடும் குறையும். நேர் மேலிருந்து ஒரு படம், தலையும் அதை அடுத்த முன்மார்பும் தெளிவாகத் தெரிய ஒரு படம், தேதி, இடம் எல்லாம் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையா, பேரினத்தோடு நிறுத்துங்கள், அதுவே நல்ல பதிவுதான்.

முடிந்ததும் வண்டை அதே இடத்தில் விட்டுவிட்டு, கல்லைப் பழையபடி கவிழ்த்து வையுங்கள். இந்தப் பேரினத்தில் சில இனங்களின் புழுக்கள் பிள்ளைப்பூச்சியின் முட்டைகளைத் தின்று வளர்பவை, அந்த ஈரமண் அவற்றுக்கு வேண்டும்.