ஆக்டேவியா ஆர்எஸ்: வாங்கும்போதும் விற்கும்போதும் விலை போடுவது எப்படி

செகண்ட் ஹேண்ட் கார் மார்க்கெட்டில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. வருஷம் பார், கிலோமீட்டர் பார், எத்தனையாவது ஓனர் என்று பார், விலையைச் சொல். எண்ணி இத்தனைதான் என்று விற்ற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் (ஆக்டேவியா செடானின் வேகமான வகை) போன்ற காருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. கோயம்புத்தூரில் இன்சூரன்ஸ் சர்வேயராகப் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அடிபட்ட காருக்கு மதிப்பு எழுதுவதுதான் தொழில். இப்போது தெரிந்தவர்கள் இப்படிப்பட்ட கார் வாங்கும்போதும் விற்கும்போதும் கூப்பிடுகிறார்கள். எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: இந்தக் காரின் விலையைத் தாங்கிப் பிடிப்பது ஆதாரம். ஷோரூமை விட்டு வந்தபடியே கார் இருக்கிறது என்று காகிதத்தோடு காட்ட முடிந்தால், வருஷம் கூடினாலும் விலை நிற்கும். காட்ட முடியாவிட்டால் அதுவும் இன்னொரு பழைய ஆக்டேவியாதான்.

முதலில் எந்த ஆர்எஸ் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2017-ல் வந்த ஆர்எஸ் 230, 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், ஷோரூம் விலை 24.62 லட்சம். முதலில் 300 கார் என்றார்கள். அது தீர்ந்த பிறகு இன்னும் 200 வந்தது. 2020-ல் ஆர்எஸ் 245, முழுதாக இறக்குமதி, 200 கார் மட்டும், 35.99 லட்சம். 2025 அக்டோபரில் புதிய ஆர்எஸ், 265 குதிரைத்திறன், வெறும் 100 கார், 49.99 லட்சம். அதுவும் வந்த வேகத்தில் புக் ஆகிவிட்டது.

இந்த மூன்று விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எட்டு வருஷத்தில் புதுக் காரின் விலை இரண்டு மடங்கு. பழைய 230-இன் விலை சாதாரண செடான் போல இறங்காததற்கு முதல் காரணம் இதுதான். புதுசு கிடைக்காதவர், அல்லது அந்த விலைக்குப் போக முடியாதவர், பின்னால் திரும்பிப் பார்க்கிறார். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 20 சதவீதம். 49.99 லட்சம் காருக்கு வரி மட்டும் 10 லட்சம் பக்கம். இன்சூரன்ஸும் சேர்த்தால் 60 லட்சத்தைத் தாண்டும். பழைய ஆர்எஸ்ஸுக்கு இது ஒரு மேல் எல்லை.

ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதை மட்டும் நம்பி விலை சொல்லாதீர்கள். 300 என்றது 500 ஆனதை மேலேயே பார்த்தோம். அதோடு போட்டியும் உண்டு. சென்னைக்கு வெளியே மகிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் அசெம்பிள் ஆகும் பிஎம்டபிள்யூ எம்340ஐ, 2021-ல் 62.90 லட்சத்துக்கு வந்தது. 387 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் இழுவை. அது வயசாகி விலை இறங்க இறங்க, அதே பணத்தை வைத்துக்கொண்டு யோசிப்பவர் அந்தப் பக்கம் சாய்வார். உங்கள் ஆர்எஸ் எவ்வளவு அபூர்வமாக இருந்தாலும் வாங்குபவரின் பட்ஜெட் அபூர்வம் பார்க்காது.

ஐடிவி: பலர் கவனிக்காமல் விடும் இடம்

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரிய இழப்பு நடப்பது இங்கேதான்.

இன்சூரன்ஸ் பாலிசியில் காரின் மதிப்பாகப் போடுவது ஐடிவி. இதற்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு: 6 மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20, மூன்று வரை 30, நாலு வரை 40, ஐந்து வரை 50. ஐந்து வருஷத்தைத் தாண்டினால் கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்வது. மாருதிக்கும் இதே அட்டவணை, ஆர்எஸ்ஸுக்கும் இதேதான். 200 கார்தான் வந்தது என்பது அட்டவணைக்குத் தெரியாது.

35.99 லட்சம் ஆர்எஸ் 245-ஐ எடுத்துக்கொள்வோம். ஐந்தாவது வருஷ பாலிசியில் ஐடிவி சுமார் 18 லட்சம். மார்க்கெட்டில் நல்ல கண்டிஷன் கார் அதைவிட நிறைய மேலே போகும். கார் திருடு போனால் உங்களுக்கு வருவது 18 லட்சத்தை ஒட்டிய தொகை. இன்னொன்றும் இருக்கிறது. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை டோட்டல் லாஸ் என்று எழுதுவோம். 18 லட்சத்தில் 75 சதவீதம் 13.5 லட்சம். ஹெட்லைட், ரேடியேட்டர், ஏர்பேக், முன் சப்ஃபிரேம் என்று இறக்குமதி உதிரிகளாகச் சேரும்போது, சரிசெய்து ஓட்டக்கூடிய காரே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். எஸ்டிமேட்டைக் கூட்டிக்கொண்டே வரும்போது ஓனரின் முகம் மாறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு அது லேசான வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

அதனால் ரின்யூவலின்போது பிரீமியம் குறைகிறதே என்று ஐடிவியைக் கீழே இறக்காதீர்கள். ஆன்லைனில் காட்டும் வரம்பில் மேல் எண்ணை எடுங்கள். ஐந்து வருஷம் தாண்டிய காருக்கு கிளைக்கு நேரில் போய், இன்ஸ்பெக்‌ஷன் செய்யச் சொல்லி, கூடுதல் மதிப்பு எழுத முடியுமா என்று கேளுங்கள். ஜீரோ டெப், அதாவது கிளெய்மில் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கவர், எத்தனை வருஷம் கிடைக்கிறதோ அத்தனை வருஷமும் அதை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் கிளெய்மில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையை உங்கள் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். இந்தக் காரின் பம்பர் பிளாஸ்டிக்.

கார் பார்க்கப் போகும்போது

காருக்கு முன்னால் பாலிசியைக் கேளுங்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று இருக்கும். கிளெய்ம் இல்லாமல் ஒவ்வொரு வருஷமும் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். நாலு வருஷ காரின் பாலிசியில் பூஜ்யம் என்றிருந்தால் போன வருஷம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். 50 இருந்தாலும் முழுசாக நம்பிவிட வேண்டாம். போனஸ் ஓனரோடு போவது. முந்தைய காரிலிருந்து கொண்டுவந்திருக்கலாம். போனஸ் பாதுகாப்பு என்று தனி கவர் எடுத்திருந்தால் கிளெய்ம் வெளியே தெரியாது. பழைய பாலிசிகளையும் வரிசையாகப் பார்த்தால் கதை புரிந்துவிடும்.

அப்புறம் கார். பெயிண்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரிஜினல் பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் பக்கம் இருக்கும். டிங்கரிங் செய்து புட்டி போட்ட இடத்தில் பல நூறு காட்டும். கண்ணாடிகளில் உள்ள வருஷக் குறி எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும், வாரமும் வருஷமும். 245-இல் வருவது 225/40 ஆர்18 டயர், பக்கச்சுவர் குறைவு. நம் ஊர்ப் பள்ளங்களில் ரிம் வளைந்திருக்கும், டயரின் உள்பக்கம் வீங்கியிருக்கும். காரைத் தூக்கி உள்பக்கத்தையும் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள்.

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் விசிடிஎஸ் அல்லது ஓபிடி-லெவன் கருவி வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். இந்தக் குடும்பத்துக் கார்களில் எரர் கோடு பதிவாகும்போது அன்றைய கிலோமீட்டரும் கூடவே பதிவாகும். மீட்டரில் 38,000 என்று இருந்து, உள்ளே ஒரு கோடு 61,000-இல் பதிவாகியிருந்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. இன்ஜினில் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங்கில் கூலன்ட் கசிவது இந்த வகை இன்ஜினுக்குப் பழகிய தொல்லை. மாற்றிய பில் இருந்தால் நல்லது. 230-இல் உள்ள 6 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். அந்த பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓடிய கார் என்றால் வாங்கக்கூடாத கார் என்று அர்த்தமில்லை. வேகமாக ஓட்டத்தானே இந்தக் காரை வாங்குகிறார்கள்! ஓடியதை மறைக்காமல் சொல்லி, பிரேக் டிஸ்க், பேட், பிரேக் ஆயில் மாற்றிய பில்லைக் காட்டுபவரை நான் கூடுதலாகவே நம்புவேன்.

ரீமேப், அதாவது இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவரை ஏற்றுவது, வேறு விஷயம். ஸ்டேஜ் 1 ட்யூன் போட்ட கார்களே நிறைய. மறுபடி ஸ்டாக்குக்கு, அதாவது கம்பெனி செட்டிங்குக்கு, மாற்றினாலும் தடயம் இருக்கலாம். கம்பெனி சிஸ்டத்தில் ஒருமுறை டிடி1 என்று குறி விழுந்துவிட்டால் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரன்டி போனதுதான். திருப்பூரில் ஒரு 245 பார்க்கப் போனபோது நடந்த பேச்சு இது.

"இருநூறுல ஒண்ணுங்ண்ணா இது. இதே கலர்ல இன்னொண்ணு தேடினாலும் கெடைக்காதுங்க."

"சரிங்க. கழட்டின ஸ்டாக் எக்ஸாஸ்ட் எங்க வெச்சிருக்கீங்க?"

"அதை அப்பவே ஒர்க்‌ஷாப்லயே விட்டுட்டேனுங்க."

அந்த ஸ்டாக் டவுன்பைப்பும் எக்ஸாஸ்டும் ஓரமாக வீட்டில் கிடந்திருந்தால் அவர் கேட்ட விலையில் பெரிய வாதம் இருந்திருக்காது. மாற்றிய பாகத்துக்குச் செலவழித்த பணம் விற்கும்போது திரும்பாது. கழற்றிய ஒரிஜினல் பாகத்துக்குத்தான் விலை. சஸ்பென்ஷன், சக்கரம், இன்டேக், இரண்டாவது சாவி, ஓனர் மேனுவல் எல்லாவற்றையும் ஒரு அறையில் பத்திரமாக வையுங்கள்.

விலை போடுவது

விளம்பரத்தில் கேட்கும் விலை விற்ற விலை இல்லை. அதே கார் மூன்று மாதமாக அதே விலையில் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்று பொருள். அதே மாடல் வைத்திருப்பவர்களிடம், கடைசியாக எது எத்தனைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். சில நூறு பேர்தான் என்பதால் ஒருவரையொருவர் தெரிந்திருக்கும்.

கீழ் எல்லைக்கு, 2021-ல் வந்த சாதாரண ஆக்டேவியா 2 லிட்டர் பெட்ரோலின் இன்றைய செகண்ட் ஹேண்ட் விலையைப் பாருங்கள். வருஷம் ஒட்டி வருவதால் 245-உடன் ஒப்பிட அது சரியான கார். ஆர்எஸ்ஸுக்கு அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் ஆர்எஸ் என்பதற்கான பணம். அந்தக் கூடுதல் பணம்தான் சந்தேகம் வந்தால் முதலில் கரையும். ஒரு பெரிய அடி, ஒரு காணாமல் போன சர்வீஸ் பில், மூன்றாவது ஓனர் என்று ஒவ்வொன்றும் அதிலிருந்தே கழியும்.

வெளிமாநிலக் கார் மலிவாகத் தெரிந்தால் முழுக் கணக்கையும் போடுங்கள். என்ஓசி வாங்கி இங்கே பதிவு மாற்றும்போது காரின் வயசுக்கேற்ப தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் ரீஃபண்டுக்குத் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

விலை இறங்காத காரை வைத்திருப்பதற்கும் செலவு உண்டு. 22 லட்சத்துக்கு வாங்கி மூன்று வருஷம் கழித்து 20-க்கு விற்றால் நஷ்டம் 2 லட்சம் என்று மட்டும் எண்ணாதீர்கள். 22 லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டிருந்தால் மூன்று வருஷத்தில் தனி வட்டியே 4.62 லட்சம். மேலே பிரீமியம், டயர், சர்வீஸ். இதைத் தெரிந்தே வாங்குபவர் அவசரத்தில் விற்க மாட்டார்; அவசரமாக விற்பவரின் ஆர்எஸ்தான் சாதாரண காரின் விலைக்குப் போகிறது. கடன் வாங்கி வாங்குபவரும் குறைவு. பேங்க் தன் அட்டவணைப்படி மதிப்புப் போடுவதால் மீதியைக் கையிலிருந்து கொடுக்கக்கூடியவர்தான் வாங்க முடியும். அதனால் விற்க நாலைந்து மாதம் ஒதுக்குங்கள். நிமிஷத்தில் விலை சொல்லும் ஆப்களிடம் கொடுப்பது கடைசி வழி.

விற்று முடித்த பிறகு

படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள், வெளிமாநிலம் என்றால் 45 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. ஆர்சியில் யார் பெயரோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேகமான காரைப் புது ஆளிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். அரசின் பரிவாகன் தளத்தில் பெயர் மாறிய பிறகே நிம்மதி. கடன் இருந்திருந்தால் படிவம் 35 கொடுத்து ஹைப்போதிகேஷனை, அதாவது ஆர்சியில் உள்ள கடன் பதிவை, முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். வாங்கியவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றட்டும். உங்கள் ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நோ கிளெய்ம் போனஸ் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காரின் பிரீமியத்தில் அந்தத் தள்ளுபடி கிடைக்கும்.