தோல் ஷூ, மலையேற்ற பூட்ஸ்: எது உழைக்கும், எது உறுத்தாது?

முதலில் ஷூவின் அடிப்பாகத்தை, அதாவது ‘சோல்’ பகுதியைக் கவனியுங்கள். குட்இயர் வெல்ட் முறையில் (மேல்தோலோடு ஒரு பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைப்பது) செய்த ஷூவுக்குத் தேய்ந்த சோலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஓரத்தில் தையல் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். பசையால் ஒட்டிய ஷூவிலும் அழகுக்குத் தையல் போடுவார்கள்.

மலையேற்ற பூட்ஸ் பெரும்பாலும் ஒட்டியவைதான். பாதத்துக்கும் அடிச்சோலுக்கும் இடையிலுள்ள நடு அடுக்கு இ.வி.ஏ. என்ற நுரைப்பொருள் என்றால் லேசாக, முதல் நாளே மெத்தென்று இருக்கும். நாளாக ஆக அமுங்கிவிடும். பாலியூரித்தேன் என்ற இன்னொரு நுரைப்பொருள் அதைவிட அதிகம் உழைக்கும். ஆனால் காற்றின் ஈரப்பதமே அதற்கு எமன். பல வருடம் போடாமல் பெட்டியில் வைத்த பூட்ஸ்கூட நடக்க ஆரம்பித்ததும் பொடியாக உதிரும். பழைய ஜோடியை மலைக்கு எடுக்குமுன் நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரிசலோ பிசுபிசுப்போ இருந்தால் வேண்டவே வேண்டாம்.

அளவு பார்ப்பது மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த சாக்ஸுடன். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு இறுக்கிக் கட்டிச் சரிவில் இறங்குங்கள். விரல்நுனி இடித்தால் நகம் கறுத்துவிடும். ஏறும்போது குதிகால் எழும்பினால் கொப்புளம் நிச்சயம்.

வெல்ட் ஷூ ஆரம்பத்தில் விறைப்பாகத்தான் இருக்கும். உள்ளிருக்கும் கார்க் பாதத்துக்கு ஏற்ப அமுங்கிய பிறகே சுகம். நனைந்தால் காகிதம் திணித்து நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும்.