வேர்டுக்குள் இருக்கும் எக்செல் திறக்கவில்லையா? ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் முன்

சிங்கப்பூரின் உபி, காக்கி புக்கிட் பக்கத்துச் சிறு அலுவலகங்களில் மாத அறிக்கை என்றால், வேர்டு கோப்புக்குள் எக்செல் அட்டவணையை அப்படியே பதித்து வைப்பது வழக்கம். கணினி மாறியதும் அட்டவணை கண்ணுக்குத் தெரியும், இரட்டைக் கிளிக் செய்தால் மட்டும் திறக்காது. கோப்பு கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டி, எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய உட்காராதீர்கள். பெரும்பாலும் கோப்பு நன்றாகத்தான் இருக்கும்.

கோப்புக்குள் அந்த அட்டவணையின் தரவும், கடைசியாகத் தெரிந்த தோற்றத்தின் படமும், அது எந்த வகைப் பொருள் (ஆப்ஜெக்ட்) என்று காட்டும் சிஎல்எஸ்ஐடி என்ற 128 பிட் எண்ணும் இருக்கும். அதை எந்த நிரல் திறக்க வேண்டும், அந்த நிரல் வட்டில் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில்தான் உண்டு. அதன் எச்கேசிஆர் (HKEY_CLASSES_ROOT) என்ற கிளையில் 'எக்செல்.ஷீட்.12' போன்ற பெயர் இருக்கும். அது சிஎல்எஸ்ஐடி எண்ணைக் காட்டும். அந்த எண்ணின் கீழ் உள்ள 'லோக்கல்சர்வர்32' என்ற கீயில் (ரெஜிஸ்ட்ரியின் கோப்புறை போன்றது) நிரலின் முகவரி இருக்கும். பக்கத்திலேயே 'இன்சர்ட்டபிள்' என்று ஒரு கீ. அது இல்லையென்றால் 'பொருளைச் செருகு' பட்டியலில் அந்த வகை வரவே வராது.

இந்த எச்கேசிஆர் கிளையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது தனி இடம் அன்று. கணினி முழுவதற்குமான எச்கேஎல்எம், உள்நுழைந்தவருக்கு மட்டுமான எச்கேசியு, இரண்டிலும் உள்ள 'சாஃப்ட்வேர்\கிளாஸஸ்' பகுதிகளைச் சேர்த்துக் காட்டும் ஒரு தோற்றம். இரண்டிலும் ஒரே பதிவு இருந்தால் பயனருடையதே செல்லுபடியாகும். எச்கேஎல்எம்-இல் சரியாகத் திருத்தியும் பழைய நிரலே திறக்கிறது என்றால், எச்கேசியு பக்கம் பாருங்கள். நிர்வாகி உரிமையுடன் ஓடும் நிரல்களோ எச்கேசியு-வில் உள்ள இந்தப் பதிவுகளைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் ஒரே கணினியில் ஒருமுறை வேலை செய்வது மறுமுறை செய்வதில்லை.

32 பிட், 64 பிட் குழப்பம் தனி. 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்களின் சிஎல்எஸ்ஐடி பதிவுகள் 'வாவ்6432நோட்' என்பதன் கீழ் இருக்கும். 32 பிட் டிஎல்எல் (வேறு நிரல்கள் தமக்குள் ஏற்றிப் பயன்படுத்தும் நிரல் கோப்பு) ஒன்றை 64 பிட் வேர்டு தனக்குள் ஏற்ற முடியாது; ரெஜிஸ்ட்ரியில் எவ்வளவு திருத்தினாலும் அது நடக்காது.

துணைப்பாட வகுப்பு நடத்தும் கணித ஆசிரியர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பழைய வினாத்தாள்களில் உள்ள சமன்பாடுகள் பல 'ஈக்குவேஷன் எடிட்டர் 3.0' பொருள்கள். 2017 நவம்பரில் அதில் சிவிஇ-2017-11882 என்ற கடுமையான பாதுகாப்புக் குறை வெளியே வந்தது. 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அந்த நிரலையே ஆஃபிஸிலிருந்து எடுத்துவிட்டது. அதைத் தேடிப்பிடித்துத் திரும்பப் பதிவு செய்வது, அது திறக்காமல் தடுக்க ரெஜிஸ்ட்ரியில் வைக்கும் 0x400 மதிப்பை அழிப்பது, இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். மாணவர்களும் பெற்றோரும் அனுப்பும் கோப்புகளைத் திறக்கும் கணினி அது. சமன்பாட்டின் படம் கோப்பிலேயே இருப்பதால் அச்சடிக்கத் தடையில்லை. திருத்த வேண்டியதை வேர்டின் புதிய சமன்பாட்டுக் கருவியில் எழுதிக்கொள்ளலாம், அல்லது மேத்டைப் நிரலில் திறக்கலாம்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் வேண்டாம். 'பயனற்ற பதிவு' என்று அவை நீக்குவது உங்கள் அட்டவணைக்குத் தேவையான சிஎல்எஸ்ஐடியாக இருக்கக்கூடும். முதலில் ஆஃபிஸின் 'ரிப்பேர்' வசதியை ஓடவிடுங்கள். விட்டுப்போன பதிவுகளை அது பெரும்பாலும் திரும்ப எழுதிவிடும்.

சரி, கையால் திருத்தியே ஆக வேண்டும் என்றால் நகல் எடுப்பீர்கள். இங்கேயும் ஒரு பொறி. நகலாகச் சேமித்த '.ரெக்' கோப்பைத் திரும்ப ஏற்றினால் அதில் உள்ளவை சேரும், மாறும். இடையில் நீங்கள் புதிதாகச் சேர்த்தவை அழியாது. எச்கேசிஆர்-ஐ நகலெடுத்தால் எது யாருடைய பதிவு என்பதும் கலந்துவிடும், ஆகவே எச்கேஎல்எம், எச்கேசியு இரண்டையும் தனித்தனியே எடுங்கள். அப்புறம், கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு ரிஸ்டோர் பாயின்ட்டும் உருவாக்கிவிடுங்கள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல் 'ரெக்பேக்' கோப்புறையில் ரெஜிஸ்ட்ரியின் நகல் தானாக விழுவதில்லை.